மழைத் தண்ணீரில் மில் ஓட்ட நினைத்தவர்

பம்பாயிலிருந்து சென்னைக்கு ரெயில் ஏறும் நம்மவர்கள் எல்லோருக்கும் கர்ஜத் நிலையம் தெரியும். அதைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறும். சுரங்கம் சுரங்கமாக நுழைந்து கண்டாலா, லோனாவாலாவை எட்டும். மழைக்காலத்தில் போனால் பாறைக்குப் பாறை அருவி கொட்டும்.

அந்தத் தண்ணீரை வேடிக்கை பார்த்தவர்கள் ஆயிரம் பேர். அதைக் கொண்டு பம்பாயில் உள்ள பஞ்சாலைகளை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டவர் ஒருவர். அவர்தான் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா.

டாட்டா என்றதும் இரும்பும் லாரியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அவர் முதலில் ஒரு பஞ்சாலை முதலாளி. பழைய தொழிலில் புதிய இயந்திரத்தை எப்படிப் புகுத்துவது, தனக்குத் தெரியாத வித்தையை யாரிடம் விலைக்கு வாங்குவது என்பதிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது.

புரோகிதர் குடும்பம்

குஜராத்தில், அன்றைய பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த நவ்சாரி என்ற ஊரில் 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி ஜாம்ஷெட்ஜி பிறந்தார். பார்சி மதப் புரோகிதர் குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சடங்கை விட்டு வியாபாரத்தில் இறங்கியவர் அவருடைய தந்தை நசர்வான்ஜி. பம்பாய்க்கு வந்து கடை வைத்தார். மகனையும் பம்பாய்க்கு வரவழைத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்க வைத்தார்.

1858-ல் படிப்பு முடிந்தது. அடுத்த ஆண்டே தந்தை அவரை ஹாங்காங்குக்கு அனுப்பினார். பஞ்சும் அபினும் அங்கே போகும். தேயிலையும் பட்டும் இங்கே வரும். பம்பாயின் பெரிய வர்த்தகக் குடும்பங்கள் பலவற்றின் பணம் அந்த வழியில் வந்ததுதான்.

பிறகு வந்தது பெரிய அடி. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்ததால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்கவில்லை. பம்பாய்ப் பஞ்சு தங்க விலை விற்றது. குமாஸ்தா முதல் கோடீசுவரர் வரை பங்கு வாங்கினார்கள். 1865-ல் போர் நின்றது. பஞ்சு விலை சரிந்தது. பங்குப் பத்திரங்கள் வெறும் காகிதம் ஆயின.

அந்த நேரத்தில் ஜாம்ஷெட்ஜி லண்டனில் இருந்தார். ஒரு பாங்கு தொடங்கப் போனவர், கையில் செல்லாத பத்திரங்களோடு நின்றார். அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கணக்கைத் திறந்து காட்டினார். அவர்கள் அவரையே நம்பி, கணக்கைத் தீர்த்து முடிக்கும் வேலையை மாதம் 20 பவுன் சம்பளத்துக்கு அவரிடமே ஒப்படைத்தார்கள். சொந்தக் கம்பெனியின் கடனை அடைக்கச் சம்பளக்காரராக உட்கார்ந்த அனுபவம் எத்தனை முதலாளிக்கு உண்டு?

எண்ணெய் ஆலை பஞ்சாலை ஆனது

1868-ல் 21 ஆயிரம் ரூபாய் மூலதனத்தில் தனியாகத் தொழில் தொடங்கினார். அடுத்த ஆண்டு சிஞ்சுபோக்ளியில் நொடித்துப் போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி, அதைப் பஞ்சாலையாக மாற்றினார். இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு லாபத்துக்கு விற்றுவிட்டார். கையில் பணம் வந்ததும் இங்கிலாந்துக்குப் போய் லங்காஷயர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார்.

திரும்பி வந்தவர் செய்த காரியம் பம்பாய்க்காரர்களுக்கு வியப்பாக இருந்தது. எல்லோரும் பம்பாயில் மில் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் நாகபுரிக்குப் போனார். பஞ்சு விளையும் ஊர் அது. நிலக்கரியும் அதிக தூரத்தில் இல்லை. 1874-ல் கம்பெனி பதிவானது. சதுப்பு நிலத்தை மண் போட்டுத் தூர்த்தார்கள். மண்ணுக்குள் பணத்தைக் கொட்டுகிறவருக்குக் கடன் தரமாட்டேன் என்று உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர் கைவிரித்ததாகச் சொல்வார்கள். 1877 ஜனவரி 1-ந் தேதி மில் திறக்கப்பட்டது. அன்றுதான் விக்டோரியா ராணி இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்கப்பட்டார். அதனால் மில்லுக்கு ‘எம்பிரஸ் மில்’ என்று பெயர் வந்தது.

மில்லை நடத்த அவர் யாரைப் பிடித்தார் தெரியுமா? பெசோன்ஜி தாதாபாய் மேத்தா என்பவரை. ஜி.ஐ.பி. ரெயில்வேயின் சரக்குப் பிரிவு ஆபீசில் இருந்தவர் அவர். பஞ்சுக்கும் நூலுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் சரக்கு எங்கே போகிறது, எப்போது தேங்குகிறது, எதில் காசு வீணாகிறது என்பது அவருக்குத் தெரியும். இயந்திர வித்தைக்கு லங்காஷயரிலிருந்து ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்ற நிபுணரைக் கூட்டி வந்தார்கள். நிர்வாகத்துக்கு ஒரு ரெயில்வே ஆபீஸ்காரர், இயந்திரத்துக்கு ஒரு வெள்ளைக்கார மிஸ்திரி. எல்லாம் தனக்கே தெரியும் என்ற எண்ணம் டாட்டாவிடம் இல்லை.

ரிங் பிரேம்

நூற்பு மில்லில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு ரிங் பிரேமை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் லங்காஷயரில் ஓடியது ‘மியூல்’ என்ற இயந்திரம். அது முன்னே ஓடி நூலை இழுத்து முறுக்கும். பிறகு பின்னே வந்து சுற்றும். பாதி நேரம் முறுக்கவும் பாதி நேரம் சுற்றவும் போய்விடும். அதை ஓட்டப் பழகிய தொழிலாளி வேண்டும். ரிங் இயந்திரம் அமெரிக்காவில் உருவானது. முறுக்குவதும் சுற்றுவதும் நிற்காமல் ஒரே சமயத்தில் நடக்கும். புதிய ஆளும் சீக்கிரம் பழகிக்கொள்ளலாம்.

லங்காஷயர் இதை நம்பவில்லை. மியூலில் போட்ட பணமும் பழகிய கைகளும் அவர்களைப் பிடித்து நிறுத்தின. டாட்டாவும் புரூக்ஸ்பியும் 1880-களின் தொடக்கத்திலேயே நாகபுரியில் ரிங் பிரேமைப் போட்டுச் சோதித்தார்கள். லங்காஷயரில் இயந்திரம் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று தயங்கியபோது, செய்து தர ஒப்புக்கொண்ட வேறு கம்பெனியைத் தேடிப் பிடித்தார்கள். நாகபுரி மில் முந்திக்கொண்டது. இயந்திரம் செய்த ஊர் பின்தங்கி நின்றது.

தொழிலாளர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாகபுரியில் ஆட்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை. அபராதம் போட்டுப் பயனில்லை என்று கண்ட நிர்வாகம், ஒழுங்காக வருகிறவர்களுக்குப் பரிசு கொடுத்தது. 1886-ல் ஓய்வூதிய நிதி தொடங்கியது. 1895-ல் விபத்துக்கு நஷ்டஈடு கொடுத்தது. விபத்து நஷ்டஈடு இந்தியாவில் சட்டமானது 1923-ல்தான். இதில் தர்மமும் உண்டு, கணக்கும் உண்டு. பழகிய தொழிலாளி ஓடிவிட்டால் நஷ்டம் மில்லுக்குத்தானே!

1886-ல் குர்லாவில் இருந்த தரம்சி மில்லைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். அது அவருடைய தலைவலி ஆயிற்று. இயந்திரங்கள் அத்தனையும் ஓட்டை. பணம் விழுங்கியது. நாகபுரி மில்லின் பங்குகளில் சிலவற்றை விற்றார். அங்கிருந்து ஆட்களையும் வரவழைத்தார். சில ஆண்டுகள் பாடுபட்ட பிறகே அது நிமிர்ந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘சுதேசி மில்’. வங்கப் பிரிவினைக்குப் பிறகு அந்தச் சொல் நாடெங்கும் முழங்குவதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே மில்லுக்கு அந்தப் பெயரை அவர் வைத்துவிட்டார்.

எல்லாம் ஜெயித்தது என்று சொல்வதற்கில்லை. சீனாவுக்கும் ஜப்பானுக்கும் நூல் கொண்டு போகக் கப்பல் கட்டணம் அதிகம் என்று 1893-ல் ஜப்பானியக் கம்பெனியோடு சேர்ந்து தாமே கப்பல் விட்டுப் பார்த்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. கூட இருந்த வியாபாரிகள் மலிவைத் தேடி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். டாட்டா கப்பலைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

கரியும் புகையும்

இப்போது தண்ணீர்க் கதைக்கு வருவோம்.

அன்றைய பம்பாய் மில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய்லர் வீடு, ஒரு பெரிய நீராவி எஞ்சின், ஒரு புகைபோக்கி உண்டு. எஞ்சின் சுழன்றால் கயிறுகள் வழியாக ஒவ்வொரு மாடியிலும் உள்ள நீண்ட ஷாப்ட் சுழலும். ஷாப்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் சுற்றும். எஞ்சினில் ஒரு கோளாறு என்றால் மில் முழுவதும் நின்றுவிடும். ஒரே ஒரு இயந்திரம் ஓட வேண்டும் என்றாலும் ஷாப்ட் முழுவதையும் சுழற்ற வேண்டும்.

பம்பாய்க்கு அருகில் கரி கிடையாது. வங்காளத்திலிருந்து வர வேண்டும். அல்லது கடல் கடந்து வர வேண்டும். வழிச் செலவு ஏறும்போதெல்லாம் நூலின் அடக்க விலையும் ஏறியது. எண்பது மில்களின் புகை பரேல் மீதும் லால்பாக் மீதும் கவிந்தது. சாளில் குடியிருந்த தொழிலாளி அந்தப் புகையைத்தான் சுவாசித்தான்.

தண்ணீரால் மில் ஓட்டுவது அப்போதே புதிதல்ல. நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இது தெரியும். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பித்தான் நூற்பாலை கட்டினார்கள். பெல்காம் பக்கத்தில் கோகாக் அருவியிலும் அப்படியே. ஆனால் அங்கெல்லாம் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மில் போனது. பம்பாய் மில்களைத் தூக்கிக்கொண்டு லோனாவாலாவுக்குப் போக முடியுமா? விசைதான் மில்லைத் தேடி வர வேண்டும். மின்சாரம் வந்த பிறகுதான் அது முடிந்தது.

அதற்கும் ஒரு முன்மாதிரி 1902-ல் கிடைத்தது. மைசூர் சமஸ்தானம் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் மின்சாரம் எடுத்து, 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து, கோலார் தங்கவயலுக்கு அனுப்பியது. அந்தச் சுரங்கங்களில் நம் வட ஆற்காடு, தருமபுரி ஜனங்கள்தான் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். சுரங்கக் கம்பெனி சொந்தமாக மின் நிலையம் கட்டவில்லை. சமஸ்தானத்தோடு ஒப்பந்தம் செய்து, மின்சாரத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. தன் வேலையில் ஒரு பகுதியை வெளியாரிடம் ஒப்படைப்பதை இன்றைய கம்பெனிகள் ‘அவுட்சோர்சிங்’ என்று பெருமையாகச் சொல்கின்றன. அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே காரியம் நடந்துவிட்டது.

நான்கு மாத மழை

பம்பாயில் இருந்த டேவிட் காஸ்ட்லிங் என்ற கட்டடக்கலை நிபுணர் லோனாவாலா மலைகளில் அலைந்து திரிந்து ஒரு யோசனையைக் கொண்டு வந்தார். டாட்டா அதைப் பிடித்துக்கொண்டார்.

யோசனை கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஒரு பெரிய சிக்கல். அமெரிக்காவின் நயாகராவில் தண்ணீர் வருடம் முழுவதும் விழும். லோனாவாலாவில் சராசரி மழை ஆண்டுக்கு 150 அங்குலத்துக்கு மேல். அத்தனையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி எட்டு மாதம் பாறைதான் மிஞ்சும். மில்லோ பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டும். ஆகவே மலைமேல் அணைகள் கட்டி, எட்டு மாதத் தண்ணீரைச் சேர்த்து வைத்தாக வேண்டும். மின் நிலையத்தைக் காட்டிலும் பெரிய வேலை அது.

இதற்கிடையே டாட்டாவுக்கு மற்றக் கவலைகளும் இருந்தன. இரும்பு ஆலைக்காக 1902-ல் அமெரிக்கா போய்ச் சுற்றினார். அங்கேயும் அதே வழிதான். நல்ல நிபுணர் யார் என்று விசாரித்து, சார்லஸ் பேஜ் பெரின் என்பவரை ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினார். பெங்களூரில் பின்னால் எழுந்த விஞ்ஞானக் கழகத்துக்கும் தம் சொத்தில் பெரும் பகுதியை ஒதுக்கினார். 1903 டிசம்பரில் அப்போலோ பந்தரில் தாஜ்மகால் ஓட்டல் திறந்தது. ஓட்டலுக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தக் கட்டடத்திலேயே இயந்திரம் வைத்து எடுத்தார்கள். வெளியே வாங்கப் பம்பாயில் அப்போது மின்சாரம் ஏது?

உடம்பு ஒத்துழைக்கவில்லை. சிகிச்சைக்கு ஐரோப்பா போனார். 1904 மே 19-ந் தேதி ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில் காலமானார். வயது 65. இங்கிலாந்தில் புரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். இரும்பு ஆலை, விஞ்ஞானக் கழகம், நீர் மின்சாரம் மூன்றும் அப்போது காகிதத்தில்தான் இருந்தன.

முதலாளிகளின் தயக்கம்

மூத்த மகன் தோராப்ஜி வேலையைத் தொடர்ந்தார். லண்டன் பணக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். எளிதில் பணம் புரளவில்லை. கடைசியில் சமஸ்தான மன்னர்களும் பம்பாய் வர்த்தகர்களும் பங்கு வாங்கினார்கள். 1910 நவம்பரில் டாட்டா நீர் மின்சாரக் கம்பெனி ஏற்பட்டது. மூலதனம் சுமார் 2 கோடி ரூபாய். மறு ஆண்டு பிப்ரவரியில் கவர்னர் ஜார்ஜ் கிளார்க் லோனாவாலாவில் அடிக்கல் நாட்டினார்.

மில் முதலாளிகளை இழுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எஞ்சினும் பாய்லரும் சொந்தம். அவற்றில் போட்ட முதல் இன்னும் வரவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டார் வாங்கினால் இரட்டைச் செலவு. ஒரு வருடம் மழை பொய்த்தால் மில்லின் கதி என்ன? இவை போதாதென்று, மின்சாரம் விற்க வந்த டாட்டா குடும்பமே நூல் சந்தையில் அவர்களுக்குப் போட்டி! உயிர்நாடியைப் போட்டிக்காரன் கையில் கொடுக்க யாருக்கு மனம் வரும்? கரி விலையைவிட மின்சாரம் மலிவு என்பதை நீண்ட கால ஒப்பந்தமாக எழுதிக் காட்டிய பிறகே சிலர் இசைந்தார்கள்.

வேலை நடந்தது. லோனாவாலா, வல்வண், ஷிராவ்தா ஏரிகள் எழுந்தன. ஏரித் தண்ணீர் கால்வாய் வழியாகக் கண்டாலா வந்து, அங்கிருந்து இரும்புக் குழாயில் 1,700 அடிக்கு மேல் கீழே இறங்கிக் கோபோலியில் சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரங்கள் சுவிட்சர்லாந்து, ஜெனரேட்டர்கள் ஜெர்மனி, பிற கருவிகள் அமெரிக்கா. மலையும் மழையும் உழைப்பும் மட்டும் நம்முடையவை. கோபோலியிலிருந்து 40 மைலுக்கு மேல் 1 லட்சம் வோல்ட் கம்பி பம்பாய்க்கு வந்தது. 1915 பிப்ரவரியில் கவர்னர் வில்லிங்டன் விசையை முடுக்கினார். சிம்ப்ளெக்ஸ் மில் முதலில் மின்சாரம் வாங்கியது.

பிறகு கதை தலைகீழாக மாறியது. உலகப் போரினால் கரிக்கும் கப்பலுக்கும் நெருக்கடி. தயங்கி நின்ற முதலாளிகள் மின்சாரம் கேட்டு வந்தார்கள். இருந்த மின்சாரம் போதவில்லை. 1916-லேயே ஆந்திரா பள்ளத்தாக்குத் திட்டத்துக்காக இரண்டாவது கம்பெனி தொடங்கினார்கள். (இது நம் ஆந்திரா அல்ல; லோனாவாலாவுக்கு வடக்கே ஓடும் ஆற்றின் பெயர்.) 1919-ல் மூன்றாவது கம்பெனி.

யாருக்கு லாபம்?

புகை குறைந்தது நல்லதுதான். கரிக் கணக்கும் குறைந்தது. ஆனால் பாய்லர் வீட்டில் கரி அள்ளிப் பிழைத்தவன் எங்கே போனான் என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

இதற்கு முன்னாலும் இப்படி ஒன்று நடந்தது. 1880-களிலிருந்து மில்களுக்குள் மின் விளக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன் சூரியன் மறைந்தால் வேலை நிற்கும். விளக்கு வந்ததும் பதினான்கு, பதினைந்து மணி நேரம் வேலை வாங்கினார்கள். 1911-ல் சட்டம் வந்து, பஞ்சாலையில் ஆண் தொழிலாளிக்கு 12 மணி என்று வரம்பு கட்டியது.

மூன்றாவது கம்பெனியின் முல்ஷி அணை இன்னொரு கணக்கைத் திறந்தது. பூனாவுக்கு மேற்கே சுமார் 50 கிராமங்களின் நிலம் தண்ணீருக்குள் போகும் என்றார்கள். தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்த மாவளக் குடியானவர்கள் 1921-ல் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். சேனாபதி பாபட் தலைமை தாங்கிச் சிறை சென்றார். பம்பாய் மில்லுக்கு வேண்டிய மின்சாரத்துக்கு எங்கள் வயல்தான் விலையா என்பது அவர்கள் கேள்வி. போராட்டம் தோற்றது. அணை எழுந்தது. ஜாம்ஷெட்ஜி உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பதில் பயன் இல்லை. அவர் தொடங்கிய வழியில்தான் அந்த அணையும் வந்தது.

இன்னொரு வழக்கும் இன்றுவரை ஓயவில்லை. இந்த ஏரிகளின் தண்ணீர் இயற்கையாகக் கிழக்கே ஓடி, பீமா, கிருஷ்ணா வழியே வங்கக் கடலுக்குப் போக வேண்டியது. மின்சாரத்துக்காக மேற்கே திருப்பப்பட்டு, கோபோலியில் பாதாளகங்கை ஆற்றில் விழுந்து அரபிக் கடலில் சேருகிறது. வறட்சி வரும்போதெல்லாம் அந்தத் தண்ணீரைக் கிழக்கே விடு என்று சோலாப்பூர்ப் பக்கத்து விவசாயிகளுக்காகக் குரல் எழுகிறது.

குர்லா சுதேசி மில் இன்று இல்லை. நாகபுரி எம்பிரஸ் மில்லும் இல்லை. பரேலில் அந்த மின்சாரம் வாங்கிய மில்கள் 1982-ம் ஆண்டு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த இடங்களில் அடுக்கு மாடிகள் நிற்கின்றன. தமிழ்நாட்டு நூற்பாலைகள் 1990-களிலிருந்து முப்பந்தலிலும் பல்லடம் பக்கத்திலும் காற்றாலையில் முதல் போட்டு, அந்த மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகத் தங்கள் மில்லுக்கு எடுத்துக்கொண்டன. லோனாவாலாவில் மழை, அங்கே காற்று. முப்பந்தல் காற்றும் வருடத்தில் சில மாதம்தான் பலமாக வீசும். டாட்டா எட்டு மாதத் தண்ணீரைத் தேக்கி வைத்தார். காற்றை அப்படித் தேக்க முடியாததால், வீசும்போது வாரியத்திடம் கொடுத்துவிட்டு வேண்டும்போது திரும்பப் பெறும் ஏற்பாட்டை மில்காரர்கள் கேட்டு வாங்கினார்கள்.

கோபோலி நிலையம் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. பழைய இயந்திரங்களை மாற்றிவிட்டார்கள். ஏரிகள் அதேதான், ஜூன் பிறந்தால் நிரம்பத் தொடங்குகின்றன.